உட்கார்ந்தால் தெரியும் உயரம்

எங்கள் வீட்டுப் பின்வாசலில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி இடம் இருக்கிறது. வீடு கட்டியபோது மிச்சம் விழுந்த இடம். ஒரு துவைகல், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கருவேப்பிலைச் செடி, ஓட்டை வாளிகள், கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்து போட்ட அட்டைப்பெட்டிகள். இத்தனை வருஷத்தில் அதை ஓர் இடம் என்றே நாங்கள் நினைத்ததில்லை. கதவைத் திறந்து கழுநீரை வீசி ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்துகிற திசை, அவ்வளவுதான்.

போன வருஷம் வைகாசியில் என் மனைவியை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவள் இருபத்தாறு வருஷம் இராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தவள். அதற்கு முந்தின வருஷம்தான், மூச்சு வாங்க முடியாமல் ஒருநாள் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டு, எழுந்ததும் நேராக ஆபீஸுக்குப் போய், வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குழாயில் ஊதச் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“பஞ்சைத் தின்னு தின்னு நுரையீரல் அலுத்துப் போச்சும்மா. மருந்து தாரேன். ஆனா வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்காதீங்க. பத்திப் புகை, தாளிக்கிற புகை, தூசி, ஒண்ணும் ஆகாது. பகல்ல வெளிய காத்தோட்டமா உட்கார ஒரு இடம் பண்ணிக்கோங்க. மாடிப்படி ஏற வேண்டாம்.”

அவளுக்குக் காது பாதிதான் கேட்கும். மில் கொடுத்தது. டாக்டரின் வாயைப் பார்த்தே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நான் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மேற்கே மலை கூடவே வந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் மேகம் இறங்கி நின்றது. மம்சாபுரம் விலக்கைத் தாண்டியதும், மலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

“ஆடி பொறக்கட்டும். அதுக்குள்ள நான் உட்கார ஒரு இடம் ஆச்சுன்னா இங்க இருக்கேன். இல்லன்னா மகாராஜபுரத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்க வாசல்லயே காத்து அடிக்கும்.”

“எம்புட்டு நாளைக்கு?”

“மூச்சு எம்புட்டு நாளைக்குக் கேக்குதோ அம்புட்டு நாளைக்கு.”

போகிறேன் என்றால் போய்விடுகிறவள். மிரட்டுவதற்காக ஒரு வார்த்தை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. பஸ்ஸில் மீதித் தூரம் முழுக்க நான் அவள் இல்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. காலை ஆறு மணிக்கு எழுந்து, ஒரு டம்ளரில் மட்டும் காப்பி போட்டு, கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிற ஒரு ஆள் என் கண்ணுக்குள் நடமாடினான். அவன் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே டேப்பை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன்.

இருமலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம். கையில் ஒரு டேப்போ பென்சிலோ இருந்தால் இருமல் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறது. அளந்தேன். அளந்ததை அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் வரைந்தேன். வரைந்ததை மறுநாள் அடித்தேன். என் வேலை பேண்டேஜ் கம்பெனியில் துணி சோதிக்கிற வேலை. விளக்கு வெளிச்சத்துக்கு முன்னால், புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணி மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும். அது முழுக்க ஓட்டைதான். சரியான ஓட்டைகளுக்கு நடுவே தப்பான ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு மணி நேரம் அப்படி நின்றுவிட்டு வருகிறவனுக்கு எந்தப் படத்தைப் பார்த்தாலும் தப்புதான் முதலில் தெரியும். நாற்காலியை வடக்கே போட்டால் வெயில். தெற்கே போட்டால் தொட்டி. நடுவில் போட்டால் துணி காயப்போடுகிற கொடி தலையில் இடிக்கும். ஒன்பதோ பத்தோ அட்டைகள். எல்லாவற்றிலும் ஒரு நாற்காலி இருந்தது. எந்த நாற்காலியிலும் ஆள் இல்லை.

மகள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போனில் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள். மரப்பலகை பாவின தரை. பச்சைப் பாய் மாதிரி ஒரு புல். பிரம்புக் கூடைக்குள் உட்கார்ந்து ஆடுகிற ஊஞ்சல். சுவரெல்லாம் தொட்டி தொட்டியாகச் செடி. படத்தில் இருக்கிற வீடுகளில் துவைகல்லே இல்லை.

“இதுல எது வேணும்ட்டி உனக்கு?” என்று போனை என் மனைவி முன்னால் நீட்டினேன்.

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். “இவிய எல்லாம் துணி எங்க தொவைப்பாவ?” என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள்.

அதற்கு மேல் நான் அவளிடம் கேட்கவில்லை. இதை எழுதும்போது அந்த இடத்தில் வந்து கை நிற்கிறது. அளந்தேன், வரைந்தேன், மகளிடம் கேட்டேன், கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டேன், வெல்டிங் பட்டறையில் நின்று கேட்டேன். அவளிடம் கேட்கவில்லை. அவளுக்காகத்தானே செய்கிறேன், அவளிடம் என்ன கேட்பது என்று இருந்திருக்கிறேன்.

முதலில் சுவர்.

எங்கள் பின்வாசலுக்கு மேற்கே காலி மனை. மனையை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதை. மில்லுக்கும் பேண்டேஜ் கம்பெனிகளுக்கும் போகிற பெண்கள் குறுக்கே அந்த வழியாகத்தான் போவார்கள், வருவார்கள். ஆடு மேயும். விடுமுறை நாளில் பையன்கள் பந்தடிப்பார்கள். சில ஆட்கள் ஒதுங்கவும் வருவார்கள். சுவர் நாலடி உயரம். ஒரு பெண் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிற இடத்தை நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு போவதா என்று எனக்குத் தோன்றியது. கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

அவர் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்தார். “நாலு வரி செங்கல் ஏத்திருவோம் அண்ணாச்சி. ஆனா ஒண்ணு. மலையிலருந்து வார மேகாத்து இந்தப் பக்கந்தான் வரணும். செவரு மேல முட்டிட்டு அது பாட்டுக்கு மேல போயிரும், பாத்துக்கோங்க.”

“அதுக்கு ஃபேன் போட்டுக்கிடலாம்.”

“அப்ப சரி” என்றார். கொத்தனார்கள் ‘அப்ப சரி’ என்று சொல்லும் விதத்தில் ஒரு கைகழுவல் உண்டு. நான் அதை அன்று கவனிக்கவில்லை.

நாலு வரி ஏறியது. பின்வாசல் ஒரு பெட்டி மாதிரி ஆனது. வெயிலுக்காக இரும்புக் குழாய் நட்டு மேலே ஷீட் போட்டேன். ஷீட்டின் சூடு இறங்கியது. அதற்காகக் கீழே பச்சை வலை கட்டினேன். காற்று நின்றுபோனது. அதற்காக நிற்கிற ஃபேன் ஒன்று வாங்கி வைத்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் கொசு. சாய்ந்த வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. அதற்கும் ஒன்று செய்தாக வேண்டும். ஒவ்வொன்றும் அதற்கு முந்தினதன் தவற்றைச் சரிசெய்ய வந்தது. ஒரு கட்டத்தில் நான் எதைச் செய்ய ஆரம்பித்தேன் என்பதே மறந்துபோய், செய்துகொண்டே இருப்பது மட்டும் மிஞ்சியது. டூட்டி முடிந்து வந்தால் நேராகப் பின்வாசல். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பின்வாசல். உடம்பு அலுப்பு ஒரு பக்கம், நிறுத்தினால் அவள் போய்விடுவாள் என்கிற பயம் ஒரு பக்கம். அவளோ உள்ளே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, நான் அடிக்கிற ஆணிச் சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தாள். எனக்கு அது சம்மதம் மாதிரி தெரிந்தது.

கொசுவுக்கும் வெயிலுக்கும் சேர்த்து என்ன செய்வது என்பதற்கு இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யோசிக்கவே வேண்டாம். கழிவுக் காஸ். எங்களை மாதிரி பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் அதுதான். இட்லித் தட்டில் விரிப்பது அது, மோர் வடிகட்டுவது அது, குடத்தின் வாயில் கட்டுவது, சைக்கிள் துடைப்பது, பிள்ளைக்குச் சளி சிந்துவது. நெசவில் பிசகு விழுந்து தள்ளின துணியைக் கம்பெனியில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நான் தள்ளின துணிகளையே நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நீளநீளமாகப் பத்துப் பன்னிரண்டு துண்டு. குழாயிலிருந்து குழாய்க்கு மூன்று பக்கமும் தொங்கவிட்டேன். மூன்று மடிப்பு வைத்தேன். சாயங்கால வெயில் அதில் பட்டுப் பால் மாதிரி உள்ளே இறங்கியது. ஃபேனைப் போட்டதும் எல்லாத் திரையும் மெல்ல வயிறு உப்பி உப்பி அடங்கியது. இத்தனை நாள் அலைந்த அலைச்சலில் முதல் முறையாக எனக்கு நிறைவாக இருந்தது. நல்லதாக ஒரு பிளாஸ்டிக் சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டு, அதற்கு ஒரு தலையணையும் வைத்தேன்.

பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே முகத்தை நீட்டினார். பக்கத்துச் சுவர் ஏறவில்லை, அது அவர்கள் சுவர். அவர்கள் வீட்டில் தெலுங்கு. என் மனைவியை மதினி முறை வைத்து வதினா என்றுதான் கூப்பிடுவார்.

“ஏமி வதினா, வீட்டுக்குள்ளயே ஆசுபத்திரி வார்டு போட்டுட்டாரா உங்க ஆளு? பெட்டு மட்டுந்தான் பாக்கி.”

என் மனைவி சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும் என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அன்று ஆனி மாசக் கடைசி ஞாயிறு. நாலு மணி இருக்கும். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். ஃபேனை அவள் பக்கமாகத் திருப்பினேன். உள்ளே போய்க் காப்பி போட்டேன். பால் பொங்கி வருகிற நேரத்தில் இருமல் கேட்டது. வழக்கமான இருமல் என்று நினைத்தேன். டிகாக்ஷனை ஊற்றும்போது இருமல் நின்றுபோனது. அதுதான் தப்பு என்று எனக்குத் தெரியும். இருமவும் மூச்சு இல்லையென்றால்தான் அவளுக்கு இருமல் நிற்கும்.

ஓடி வந்தேன். நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கியது. உதடு கறுத்திருந்தது. வாய்க்குள் மருந்து ஸ்பிரேயை அடித்தேன், நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா எப்படி உள்ளே வந்தார் என்று தெரியவில்லை, “எதுக்கு நிக்கிறீங்க, ஆவி மிஷினைக் கொண்டாங்க!” என்று கத்தினார். முகமூடி போட்டு மருந்தை ஆவியாக உள்ளே இழுக்கிற மிஷின் அது, டாக்டர் வாங்கச் சொன்னது. உள்ளே தூக்கிக்கொண்டு போய் மாட்டினோம். இருபது நிமிஷம். அந்த மிஷின் ஓடுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது, அவளுக்குக் கேட்டிருக்காது.

மூச்சு திரும்பியதும் அவள் முகமூடியைக் கழற்றினாள். தன் முழங்கையை ஆள்காட்டி விரலால் ஒரு முறை வழித்து, விரலை என் பக்கம் நீட்டினாள். விரல் நுனியில் வெள்ளையாக, புசுபுசுவென்று, ஒரு துளி.

“இது என்ன?”

குனிந்து பார்த்தேன். பஞ்சு.

“இருபத்தாறு வருசமா எனக்கு இதைத் தெரியும்” என்றாள்.

காஸ் துணியில் ஓடுகிற நூல் பிரியும். வெயிலில் காய்ந்தால் இன்னும் பிரியும். வெட்டு ஓரம் என்றால் கேட்கவே வேண்டாம். கம்பெனியில் நாங்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அதைத் தொடுகிறோம். என் சட்டையில் ஒட்டின பஞ்சை வாசலிலேயே உதறிவிட்டு உள்ளே வரச் சொல்லி அவள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். தள்ளுபடித் துணியில் தப்பைத் தேடுகிற என் கண்ணுக்கு, அதே துணியை மூன்று மடிப்பாக அவளைச் சுற்றிக் கட்டி, காற்று வராமல் சுவரை ஏற்றி, அதற்கு ஃபேனும் வைத்தது தப்பாகத் தெரியவே இல்லை. அந்தத் துணி எங்கள் கையில் அவ்வளவு பழகிப்போயிருந்தது.

“நான் காத்து கேட்டேன்” என்றாள். குரல் மெலிந்திருந்தது. கோபம் இல்லை, அதுதான் என்னைப் படுத்தியது. “நீங்க மறைப்பு கட்டுதீங்க. ஒரு மாசமா கட்டிக்கிட்டே இருக்கீங்க.”

“ஆள் பாக்காம நிம்மதியா இருக்கட்டும்னுதான்...”

“ஆள் பாக்காம இருக்கவா நான் வெளிய உட்கார்றேன்? உள்ள இருந்தா ஆள் பாக்காதுல்லா. தொவைகல்லு பக்கத்துல நின்னா முன்ன பாதை தெரியும். சாங்காலம் ஷிஃப்ட் முடிச்சு வருதவளுகளைப் பாப்பேன். இப்போ நிக்கவும் முடியல, செவருக்கு மேல ஒண்ணும் தெரியவும் இல்ல.”

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா.”

“கேட்டீங்களா?”

மறுநாள் காலையில் அவளுடைய அண்ணன் ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்தார். ஆவி மிஷினும் மாத்திரைப் பையும் நாலு சேலையும். அண்ணன் ரொம்பப் பேசாத ஆள். விவசாயி. பின்வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா கெட்டியாத்தான் கட்டியிருக்கீங்க மாப்ள” என்றார். அதற்குள் குத்தல் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் ஆட்டோவில் ஏறும்போது எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு நாளைச் சொல்லிவிடுவாளோ, சொல்லாமலே போவாளோ, இரண்டையும் தாங்குகிற தெம்பு இல்லை.

ஆட்டோ போனதும் திரைகளையெல்லாம் இறக்கினேன். சுருட்டிக் கட்டிக் கம்பெனியிலேயே கொண்டு போட்டேன். தரையைக் கழுவினேன். ஷீட்டைக் கழுவினேன், குழாய்களைக் கழுவினேன், நாற்காலியை மூன்று தடவை கழுவினேன். பிறகு கொத்தனாருக்குப் போன் போட்டேன்.

“நாலு வரியையும் எறக்கணும்.”

“அண்ணாச்சி, உங்க வீட்டுச் செவரு லிஃப்ட் மாதிரில்லா ஏறுது எறங்குது” என்றார். வந்தார். அரை நாளில் இறங்கிவிட்டது. கட்டுவதற்கு நாலு நாள் ஆகியிருந்தது.

அவளுக்குப் போன் செய்தேன். போனில் அவள் கத்தித்தான் பேசுவாள். மில்காரப் பெண்கள் எல்லோருக்கும் அந்தக் குரல்தான்.

“எடுத்துட்டேன்.”

“எம்புட்டு?”

“ஏத்துன நாலு வரியும்.”

“அப்ப பழைய செவரு இருக்குல்லா? அது நின்னு பாக்கத்தான் ஆகும். நான் உட்கார்ந்துல்லா இருக்கணும்.”

“எவ்வளவு எறக்கணும்னு சொல்லு.”

“பாதையில போறவளுக வாய் தெரியணும்.”

“மூஞ்சி தெரிஞ்சா போதாதா?”

“வாயி. வாய் தெரியணும்.” வைத்துவிட்டாள்.

அவளுக்குக் காது கேட்காததால் அப்படிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பாதி சரிதான். நாற்காலியில் நானே நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். பாதை நன்றாகவே தெரிந்தது. அப்புறந்தான் உறைத்தது, அவள் என் தோள் உயரம். ஒரு மாசமாக நான் எடுத்த அளவெல்லாம் என் உடம்பை வைத்து எடுத்தது. நாற்காலிக்கு வரைந்த அட்டையில்கூட என் கால் நீளம்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா அவள் உயரம். பாதையில் பெண்கள் வருகிற நேரமாகப் பார்த்து, கூச்சத்தை விட்டுவிட்டுப் போய்க் கேட்டேன். அவர் கைக்காரியத்தைப் போட்டுவிட்டு வந்து, மாமியார் வீட்டுக்கு வந்த புதுப்பெண் மாதிரி நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார்.

“நல்லா சாஞ்சு உட்காருங்கம்மா. அவ சாஞ்சுதான் உட்கார்வா.”

“சாஞ்சா வானம்தான் தெரியுது. எடுங்க.”

கொத்தனார் ஒரு வரி எடுத்தார்.

“தல முடி தெரியுது. எடுங்க.”

இன்னொரு வரி.

“பொட்டு தெரியுது.”

“போதுமாம்மா?” என்றார் கொத்தனார்.

“அவிய வாயைல்லா கேட்டிருக்காவ? எடுங்க. உங்க வீட்டுச் செவரா இது?”

ஐந்து வரி இறங்கிய பிறகுதான் அவர் எழுந்தார். “இப்போ எல்லாந்தெரியுது. ஆனா ஆடு உள்ள வரும், சொல்லிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியேதான் நடந்தது. இரண்டே நாளில் கருவேப்பிலைச் செடி காம்பு மட்டும் நின்றது.

சிமெண்டுத் தூசி அடங்கட்டும் என்று பத்து நாள் விட்டேன். தினமும் தண்ணீர் தெளித்தேன். அந்தப் பத்து நாளும் வேலை முடிந்து வந்து பின்வாசலில் சும்மா உட்கார்ந்தேன். செய்ய ஒன்றும் இல்லை. வரைய ஒன்றும் இல்லை. ஆடிக்காற்று மலையிலிருந்து இறங்கி, காலி மனையில் இருக்கிற எருக்கஞ்செடிகளைச் சாய்த்துக்கொண்டு, இடுப்பளவுச் சுவரைத் தாண்டி நேராக நெஞ்சில் வந்து மோதியது. சில நாள் அதில் சாரல் இருந்தது. இந்தக் காற்று எங்கள் சுவருக்கு வெளியே எப்போதும் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. காற்றில் உட்கார்ந்தால் களைப்பு தீரும் என்கிறார்கள். எனக்கு அப்போதுதான் களைப்பே தெரிய ஆரம்பித்தது. இத்தனை வருஷக் களைப்பும் ஒவ்வொரு மூட்டாகத் தேடி வந்து உட்கார்ந்தது.

ஆடி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். அண்ணன் மகன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். கையில் ஒரு துணிப்பை மட்டும். ஆவி மிஷின் இல்லை. நான் பையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “சாங்காலம் போயிருவேன். பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்” என்றாள்.

பின்வாசல் கதவில் நின்று ஒரு முறை மொத்தத்தையும் பார்த்தாள். ஷீட்டைப் பார்த்தாள். “இது இருக்கட்டும், சாரலுக்கு ஆகும்.” ஃபேனைப் பார்த்தாள். “இதை உள்ள கொண்டு போடுங்க.” கருவேப்பிலையைப் பார்த்தாள். நாற்காலியைக் காலால் தள்ளித் தள்ளி, தொட்டிக்குப் பக்கத்தில், நான் வரைந்த ஒரு அட்டையிலும் இல்லாத ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்து உட்கார்ந்தாள். தலையணையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

நான் கதவுப் பக்கம் நின்றேன். பேசினால் கெட்டுப்போகும் என்று இருந்தது.

மூன்றே முக்கால் இருக்கும். மில் சங்கு ஊதியது. கொஞ்ச நேரம் கழித்துப் பாதையில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். தூக்குச்சட்டியும் பையுமாக, தலையில் பஞ்சு ஒட்டினபடி, ஒவ்வொருத்தியாக. மனையைத் தாண்டி அறுபது எழுபது அடி தூரம் இருக்கும். அதில் ஒருத்தி, இவள் வயசுதான் இருக்கும், திரும்பிப் பார்த்து நின்றுவிட்டாள். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவள் வாய் அசைந்தது. சத்தம் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. காற்று எங்கள் பக்கம்தான் அடிக்கிறது, அப்படியும் கேட்கவில்லை. அவள் சத்தமே போடவில்லை.

என் மனைவியின் வாயும் அசைந்தது.

நூல் மில்லில் மிஷின் ஓடும்போது யாரும் கத்திப் பேச மாட்டார்கள், கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பெரிதாக அசைத்து, கண்ணையும் கையையும் கொஞ்சம் சேர்த்து, ஒரு மிஷினுக்கும் அடுத்த மிஷினுக்கும் நடுவே முழுக் கதையும் பேசிவிடுவார்கள். இதை அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் பேசி நான் பார்த்தது இல்லை. வீட்டில் அதற்கு ஆள் இல்லை. அவளுக்கு ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு போதாமல் ஒரு வருஷம் ஆகிறது. நாலு வார்த்தைக்கு ஒரு நிறுத்தம். இந்தப் பேச்சுக்கு மூச்சே வேண்டாம். அவள் நிறுத்தாமல் பேசினாள். புருவம் ஏறி இறங்கியது. விரலை மடக்கி என்னவோ எண்ணிக் காட்டினாள். என் பக்கம் தலையை ஒரு முறை ஆட்டினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சத்தம் துளி இல்லை. ஆடு கத்துவதும் காற்றும் மட்டும். அத்தனை பேச்சுக்கு நடுவில் நின்றுகொண்டு எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை.

“என்னட்டி சொல்லுதாவ?” என்றேன்.

“செத்த நேரம் சும்மா இருங்க” என்றாள், திரும்பாமலே.

அவர்கள் போய், அடுத்த கூட்டம் வந்து, அதுவும் போனது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது. ஐந்தரைக்கு அண்ணன் மகன் பைக் வரும் என்று சொல்லியிருந்தாள். ஐந்து மணிக்கு மடியிலிருந்து போனை எடுத்தாள். காதில் வைத்து, தெரு முழுக்கக் கேட்கிற அந்த மில் குரலில், நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

“அண்ணே... பயலை இப்ப வர வேண்டாம்னு சொல்லுங்க... ஆமா... நாளைக்கு ராஜபாளையத்துக்கு வந்தான்னா, அப்படியே அந்த ஆவி மிஷினையும்... மிஷினண்ணே, மிஷின்... கொண்டாந்து குடுத்துட்டுப் போகட்டும்... இல்ல, நான் வரல... சேலைய பொறவு எடுத்துக்கிடுதேன்.”